பெட்டியில் எழுதிய பேர்

அத்தியாயம் 6

திருட்டுப் போன வீட்டுக்குள் நுழைந்ததும் உமையாள் முதலில் பார்ப்பது மிச்சம் இருக்கிற சாமான்களைத்தான். போனது எது என்பதை வீட்டுக்காரர்களே கேட்காமலே சொல்லிவிடுவார்கள்.

காரைக்குடி செக்காலையில் மரியப்பன் வாத்தியார் வீட்டு முன்னறையில் மிச்சம் நிறையவே இருந்தது. மேஜை மேல் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹார்ட் டிஸ்க், சின்ன டப்பா ஒன்றில் பிராசசர். தரையில், பக்கத் தகடு கழற்றிய நிலையில், உள்ளே ஒன்றுமில்லாமல் நின்றது ஓர் உயரமான தகரப் பெட்டி. கேபினட் என்பார்கள்.

"எல்லாத்தையும் இதுக்குள்ளதான் பூட்டணும். பூட்டுறதுக்கு அடிப்பலகையைக் காணோம் ஆச்சி. மதர்போர்டு போயிருச்சு," என்றார் மரியப்பன்.

உமையாளுக்கு வயது முப்பத்தெட்டுதான். ஆனாலும் ஊர் வழக்கப்படி அவளை எல்லோரும் ஆச்சி என்றே கூப்பிட்டார்கள். காரைக்குடியில் துப்பறியும் ஆச்சி ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள், வெற்றிலை மென்றுகொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்து வந்து, இவளைப் பார்த்ததும் "ஆச்சி உள்ள இருக்காகளா?" என்று கேட்பார்கள். அப்போதெல்லாம் அவளுடைய உதவியாளன் இமானுவேல், "இல்ல, தூங்குறாக, நாங்க பேத்தி பேரன்தான்," என்பான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

மரியப்பன் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் அடித்துக் கொடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் ஆசை வந்திருந்தது. 1998-இல் அது சின்ன ஆசை இல்லை. முழுசாக வாங்குவதைவிடப் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வது நல்லது என்று யாரோ சொல்ல, அந்தப் பொறுப்பைச் சோமுவிடம் விட்டார். சோமு மெட்ராஸ் போய் எல்லாவற்றையும் வாங்கி, முந்தின நாள்தான் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கியிருந்தான்.

அந்தச் சோமு இப்போது மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்துக் கம்ப்யூட்டருக்கு வந்த பையன். திங்கட்கிழமை மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர வேண்டும். அதன் முதலாளி மரியப்பனிடம் படித்தவர். வாத்தியார் சிபாரிசில் கிடைத்த வேலை.

"சாயங்காலம் வரைக்கும் பாப்பேன் ஆச்சி," என்றார் மரியப்பன், சோமு பக்கம் திரும்பாமலே. "போலீசுக்குப் போக மாட்டேன். சின்னப் பையன், வாழ்க்கை போயிரும். ஆனா மதுரைக்குப் போன் போட்டு விசயத்தைச் சொல்லிருவேன். திருடுற கைக்கு நான் சிபாரிசு பண்ண முடியாதுல்ல?"

போலீசுக்குப் போனால் வாழ்க்கை போகும், போன் போட்டால் போகாது என்பது வாத்தியார் போட்ட கணக்கு.

"நான் எடுக்கல சார்," என்றான் சோமு. காலையிலிருந்து சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையில் உப்பு சப்பு இல்லாமல் போயிருந்தது.

உமையாள் அவன் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இந்த உசரப் பெட்டியை ஆரு பாத்து எடுத்தது?"

திருட்டைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்திருந்த சோமு நிமிர்ந்தான். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"நான்தான் ஆச்சி. சாருக்குப் படுத்த பெட்டிதான் பிடிச்சுச்சு. அதுக்கு மேலயே மானிட்டரைத் தூக்கி வச்சுக்கலாம்ல."

"மானிட்டர் பக்கத்துல மாதா சுரூபத்தையும் வைக்கலாம்னு நானும் நெனச்சேன்," என்றது அடுப்படியிலிருந்து ஒரு குரல். மரியப்பனின் அக்கா செபஸ்தியம்மாள். வீட்டுச் சாவியும் வீட்டு நிர்வாகமும் அவர் கையில்.

"நம்மூரு வெயிலுக்குப் படுத்த பெட்டி ஆகாது ஆச்சி. உள்ள காத்து ஓடணும். நாளைக்கு இன்னொரு டிஸ்க் போடுறதுன்னாலும் இதுல இடம் கெடக்கு. இது புது மாதிரி கேபினட். இதோட கரன்ட் பிளக்கே வேற, பின்னாடி இருக்கிற ஓட்டையெல்லாம் வேற. பழைய மாதிரி போர்டு எதுவும் இதுல உக்காராது. இதுக்குத் தோதான போர்டுக்காகத்தான் மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்ல கடை கடையா ஏறி இறங்குனேன். பொருத்தம் பாக்குற மாதிரி பாத்து எடுத்தது."

"மாப்பிள்ளை ரெடியா நிக்கிறாரு. பொண்ணைத்தான் காணோம்," என்றான் இமானுவேல்.

யாரும் சிரிக்கவில்லை. இமானுவேல் அதைப் பொருட்படுத்துகிறவன் இல்லை.

"இன்னொண்ணும் இருக்கு ஆச்சி," என்றார் மரியப்பன். "ராம்னு ஒரு சின்னக் கார்டு. அதையும் முதல்ல காணோம். காலையில பாத்தா ஜன்னல் திட்டுல கெடக்கு. அங்க கெடக்க வேண்டிய சாமானா அது? சமயம் பாத்து வெளிய கொண்டு போறதுக்குத்தான் ஒளிச்சு வச்சிருக்கான். வேற என்ன?"

உமையாள் எழுந்து ஜன்னலருகே போனாள். திட்டில் ஒரு துணிப்பை இருந்தது. தடிப் பேனாவில் நீல மையால் 'அழகி அக்கா' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு செருப்பு டப்பா, 'குழந்தைவேலு அண்ணன்'. அதன் மேல் ஒரு மெல்லிய கவர், 'ராம்'. மூன்றும் ஒரே கையெழுத்து.

"இதெல்லாம் என்ன?"

"நான் மெட்ராஸ் போறேன்னு தெரிஞ்சதும் தெருவே ஆளுக்கொரு சாமான் வாங்கியாரச் சொல்லிட்டாக ஆச்சி," என்றான் சோமு. "எல்லாம் ஒரே சாக்குலதான் வந்துச்சு. மாறிப்போயிறக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுலயும் எழுதுனேன்."

"கம்ப்யூட்டர் சாமான்லயுமா?"

"போர்டுலயும் ராம்லயும் மட்டும் எழுதுனேன். கடையில ஒண்ணை வெறும் அட்டைப்பெட்டியிலயும் ஒண்ணை வெறும் கவர்லயும் போட்டுக் குடுத்துட்டாக. பாத்தா என்னன்னு தெரியாதுல்ல. மத்ததெல்லாம் பாத்தாலே தெரியும்."

உமையாள் மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். "இமானுவேல், நீ திருடன்னு வச்சுக்க. இந்த அறையில எதை எடுப்ப?"

"விவரம் தெரிஞ்ச திருடன்னா பிராசசரைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு விசிலடிச்சுக்கிட்டே போவேன். விவரம் இல்லாத திருடன்னா மானிட்டரை டிவின்னு நெனச்சுத் தூக்குவேன். ரெண்டையும் விட்டுட்டு ஒரு அட்டைப்பெட்டியை எடுக்க நான் என்ன கிறுக்கனா?" இமானுவேல் சோமுவைத் தேற்றுகிற மாதிரி அவன் தோளைத் தட்டினான். "கவலைப்படாதப்பா. ராம் கெடைச்சுட்டாரு. இனிமே மதரைத்தான் தேடணும்."

உமையாள் அப்படியே நின்றாள். இமானுவேலை ஒரு தடவை பார்த்தாள், ஜன்னல் திட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனாள். உள்ளே செபஸ்தியம்மாளிடம் தாழ்ந்த குரலில் என்னவோ கேட்பதும் அவர் என்னவோ பதில் சொல்வதும் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் முகம் திருவிழாவுக்குக் கிளம்புகிற முகமாக இருந்தது.

"வண்டியை எடு இமானுவேல்."

"ஆச்சி, ஆருன்னு தெரிஞ்சிருச்சா?" என்றார் மரியப்பன்.

"வந்து சொல்றேன் சார்."

துப்பறிகிறவர்களுக்கு இப்படி ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கண்டுபிடித்ததை அந்த இடத்திலேயே சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைப்பார்கள். கையில் ஆதாரத்தோடு வந்து, எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னால்தான் அவர்களுக்குத் திருப்தி. உமையாளும் விதிவிலக்கு இல்லை. வாசலைத் தாண்டும்போது சோமுவைப் பார்த்து ஒரு சிரிப்பு மட்டும் சிரித்துவிட்டுப் போனாள்.

மொபெட் செக்காலையைத் தாண்டும் வரைதான் இமானுவேலால் பொறுக்க முடிந்தது.

"எங்க ஆச்சி போறோம்?"

"கான்வென்ட்டுக்கு."

"பாவமன்னிப்புக்கா? அதுக்குச் சாமியார்ட்டல்ல போகணும்? கிறிஸ்தவன், வேதக்காரன் நான் இருக்கேன், என்னையக் கேக்கக் கூடாதா?"

"ஜன்னல் திட்டுல இருந்ததெல்லாம் என்ன இமானுவேல்?"

"தெருக்காரவுக சாமான்."

"அழகி, குழந்தைவேலு, ராம். எதுத்த வீட்ல ராமநாதன்னு ஒரு பையன் இருக்கானாம். எல்லாரும் ராம்னுதான் கூப்பிடுவாகளாம். லீவுக்கு வெளியூர் போயிருக்கான். வந்ததும் குடுக்கலாம்னு செபஸ்தியம்மா எடுத்து வச்சிருக்காக. சாக்கைப் பிரிச்சுப் பேரைப் பாத்துப் பாத்து ஆளாளுக்குப் பங்கு வச்சது அவுகதான். இப்பச் சொல்லு. உங்க வேதக்கார வீட்ல மதர்னா ஆரு?"

மொபெட் சட்டென்று நின்றது. பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார்.

"கான்வென்ட் மதர்!" இமானுவேல் நெற்றியில் அடித்துக்கொண்டான். "மதருக்கு ஒரு போர்டுன்னு கொண்டு போய்க் குடுத்துட்டாகளா? ஐயையோ! நல்லவேளை, மவுஸைப் பூனைக்குப் போடாம விட்டாகளே!"

"நேத்துச் சாயங்காலமே குடுத்துட்டாகளாம். கம்ப்யூட்டர் சாமானைப் பாத்தியளான்னுதான் எல்லாரும் அவுகளைக் கேட்டிருக்காக. பாக்கலைன்னு சத்தியமாச் சொல்லியிருக்காக. அவுக குடுத்தது மதரோட போர்டுல்ல?"

கான்வென்ட்டில் ஜெப நேரம். பார்வையாளர் அறையில் காத்திருக்கச் சொன்னார்கள். சுவரோரமாகக் கயிற்று நாற்காலிகள், குடிக்க எலுமிச்சை ஜூஸ், யாருமே சத்தமாகப் பேசக் கூடாது என்பது மாதிரியான ஓர் அமைதி. உள்ளே ஜெபம் நீண்டுகொண்டே போனது. இமானுவேலுக்கு வாயைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. உமையாள் மட்டும் நிதானமாக ஜூஸைக் குடித்தாள்.

ஒருவழியாக ஒரு சிஸ்டர் வந்தார். கேட்டதும் முகம் மலர்ந்தது.

"ஆமா, மரியப்பன் சார் வீட்ல இருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. மேல 'மதர் போர்டு'ன்னு நீல மையில எழுதியிருந்தது. மதருக்கு டிரான்ஸ்பர் ஆயிருக்கில்லையா, அதுக்காகப் பெயர்ப்பலகை செஞ்சு கொடுத்திருக்காங்கன்னு நாங்க எல்லாரும் ரொம்ப சந்தோஷப்பட்டோம்."

"மதரைப் பாக்கலாமா சிஸ்டர்?"

"இன்னைக்குக் காலையிலேயே ரயிலேறிட்டாங்களே. அசாம் பக்கம் புது மடம். அந்தப் பெட்டியைப் பிரிக்கவே இல்ல. அங்க போய்ப் பிரிச்சு வாசல்ல மாட்டுறேன்னு டிரங்குப் பெட்டியில வச்சுக் கொண்டு போயிட்டாங்க."

"போன்?"

"அங்க போன் கிடையாது."

ரயில் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் சோமு கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய போர்டு. ஒன்றும் செய்வதற்கில்லை.

"ஆரு வந்து கேட்டாலும் இதைச் சொல்வீங்களா சிஸ்டர்?"

"தாராளமா."

வெளியே வந்ததும் இமானுவேல் பெருமூச்சு விட்டான். "அசாம்ல ஒரு கான்வென்ட் வாசல்ல பச்சைப் போர்டு தொங்கப் போகுது. போறவாறவுகெல்லாம் எந்த பாஷைன்னு தெரியாம முழிக்கப் போறாக."

"போர்டு போனாப் போகுது. பையன் பேரு தப்பிச்சிருச்சு. அது போதும்," என்றாள் உமையாள். அந்தச் சந்தோஷத்தில் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஆளுக்கொரு பன்னீர் சோடா வாங்கினாள். வெயில் தாழட்டும் என்று இருவரும் மெதுவாகவே குடித்தார்கள்.

திரும்பி வந்தபோது மரியப்பன் வீட்டு வாசலில் தெருப் பெண்கள் கூடி நின்றார்கள். வண்டி நிற்கும் முன்பே உமையாள் இறங்கினாள்.

உள்ளே மரியப்பன் சிரித்த முகத்தோடு எழுந்து வந்தார். "வாங்க ஆச்சி. உங்களைத்தான் வீணா அலைய விட்டுட்டேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. சோமு ஒத்துக்கிட்டான்."

மேஜை மேல் ஒரு மதர்போர்டு இருந்தது.

"வீட்டுக்குப் போய் எடுத்தாந்து வச்சுட்டு, நான்தான் எடுத்தேன், மன்னிச்சுக்கங்கன்னு அழுதுட்டான். எனக்கும் மனசு கேக்கல. மன்னிச்சுட்டேன். மதுரைக்கும் போன் போட்டேன். எடுத்தவன்தான், ஆனா தானாக் கொண்டாந்து குடுத்தவன், திருந்திட்டான், நீ சேத்துக்கன்னு அவ்வளவு சொன்னேன். அவன்தான் இப்படிப்பட்ட ஆளு வேணாம் சார்னுட்டான். நான் என்ன செய்ய?"

சோமு அதே ஸ்டூலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். உமையாள் போர்டைக் கையில் எடுத்தாள். இடுக்குகளில் தூசி படிந்திருந்தது.

"சோமு, இதைக் கேபினட்டுல பூட்டு."

அவன் அசையவில்லை. "கேபினட்டை மாத்திட்டுப் பூட்டிக்கலாம் ஆச்சி."

"பொருத்தம் பாத்து எடுத்த கேபினட்டை எதுக்கு மாத்தணும்?"

அவளே குனிந்து போர்டைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள். பின்பக்க ஓட்டைகள் ஓரிடத்தில் இருந்தன, போர்டில் சொருகுகிற வாய்கள் வேறிடத்தில் இருந்தன. கரன்ட் பிளக்கை எடுத்து வைத்தாள். அதற்கு இதில் இடமே இல்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மரியப்பனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"பழைய போர்டு எதுவும் இதுல உக்காராதுன்னு காலையில நீதான சொன்ன. இது ஆரு போர்டு?"

"என்னோடதுதான் ஆச்சி." சோமு தரையைப் பார்த்துச் சொன்னான். "என் கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டியாந்தேன். எதையாவது கொண்டாந்து வச்சுட்டா விட்டுருவாக, வேலையாவது மிஞ்சும்னு நெனச்சேன்."

"நான் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?"

"நீங்க என்னையப் பாத்துச் சிரிச்சுட்டுப் போனீகள்ல. நான்தான்னு நீங்களும் முடிவு பண்ணிட்டீகன்னு நெனச்சேன்."

உமையாள் போர்டைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்ல நினைத்தது, நின்றபடியே, வேகவேகமாக, பாதி மன்னிப்பாக வந்தது. செபஸ்தியம்மாள் "மாதாவே, நானா? நானா இம்புட்டும் பண்ணேன்?" என்று சோமுவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மரியப்பன் செருப்புக்கூடப் போடாமல் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். உமையாளும் இமானுவேலும் பின்னாலேயே போனார்கள்.

மதுரைக்கு லைன் கிடைத்தது. மரியப்பன் மூச்சு வாங்க எல்லாவற்றையும் விளக்கினார். ரிசீவரில் கேட்ட குரல் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

"என்ன சார் சொல்றீக? மதர்போர்டை மதர் எடுத்துட்டுப் போயிட்டாகளா?" ஒரு பெரிய சிரிப்பு. "சார், நீங்க மாறவே இல்ல. நான் பரீச்சையில காப்பி அடிச்சப்பவும் ஹெட்மாஸ்டர்ட்ட, அவன் அடிக்கல, நான்தான் தப்பாப் பாத்துட்டேன்னு பொய் சொல்லி என்னையக் காப்பாத்துனீக. இப்ப அவனைக் காப்பாத்தப் பாக்குறீக. உங்க மனசு ஆருக்கும் வராது சார்."

"இல்லப்பா, சத்தியமா. கான்வென்ட்டுல கேட்டுப் பாரு..."

"விடுங்க சார். திங்கட்கிழமைக்கு வேற ஆளுக்குச் சொல்லியாச்சு. உடம்பைப் பாத்துக்கங்க."

லைன் துண்டிக்கப்பட்டது. மரியப்பன் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே நின்றார். பொய் சொன்னபோது நம்பிய உலகம், உண்மை சொன்னபோது அவரைப் பார்த்துச் சிரித்தது. அவருக்கு அழவும் தெரியவில்லை. இமானுவேலுக்கு வேடிக்கையாகச் சொல்ல எதுவுமே தோன்றவில்லை. அந்த வேடிக்கையைத்தான் மதுரைக்காரர் ஏற்கெனவே சொல்லிச் சிரித்துவிட்டாரே.

வீட்டுக்கு வந்தபோது சோமு தன் போர்டைச் செய்தித்தாளில் சுற்றி, ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். மூவரின் முகத்தையும் பார்த்தான். கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினான்.

"நான் நாளைக்கே மதுரைக்கு நேர்ல போறேன் சோமு," என்றாள் உமையாள். "அந்த சிஸ்டரையும் கூட்டிக்கிட்டு..."

"வேணாம் ஆச்சி. எடுக்கலைன்னு காலையிலேருந்து சொன்னேன், ஆரும் நம்பல. எடுத்தேன்னு ஒரு தடவை சொன்னேன், எல்லாரும் நம்பிட்டாக. இனிமே போய் என்னத்தைச் சொல்ல?"

அவன் சட்டைப் பையிலிருந்து அந்தத் தடிப் பேனாவை எடுத்தான். பழக்கத்தில் பெட்டி மேல் 'ம' என்று ஆரம்பித்து, நிறுத்தி, அதை அடித்தான். கீழே 'சோமு' என்று தன் பேரை மட்டும் எழுதினான். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கினான்.

வாசலில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி, அவன் மெட்ராஸிலிருந்து சுமந்து வந்த துணிப்பையை இடுப்பில் இடுக்கியிருந்த அழகி, பெட்டியில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"சோமு," என்றாள். பக்கத்துத் தெருவிலிருந்து வந்து நின்றவளுக்கு யாரென்று புரியவில்லை.

"அதான்டி, வாத்தியார் வீட்ல போர்டு திருடுனானே, அவன்."

சோமு திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.